நெல்லு எங்கட, மில்லு ஆற்றை?

"வடக்கு கிழக்கில் அரிசி ஆலைகளை விரிவாக்குவது பொருளாதார ரீதியாகச் சாத்தியமா?"

கருத்தரங்குகளிலும் திட்ட அறிக்கைகளிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பதிலும் அநேகமாக ஒன்றுதான். நாட்டில் இருக்கிற ஆலைகளின் கொள்ளளவே விளைகிற நெல்லைவிட அதிகம், புதிதாக இன்னும் எதற்கு? பொலன்னறுவையில் பெரிய மெசின்கள் நிற்கின்றன, அங்கே குத்தினால் மலிவு. நெல்லை அனுப்புங்கோ, அரிசியை வாங்குங்கோ. கணக்கு முடிஞ்சுது.

எங்களுக்குக் கணக்கு முடியவில்லை. ஆருடைய கணக்கு இது எண்டு முதலில் கேட்கவேணும். மில் முதலாளிக்குச் சாத்தியமானது விவசாயிக்கும் சாத்தியமானது என்று எந்தப் பொருளியல் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. லாபம் எவரின் கையில் நிற்கிறது என்பதை மறைத்துவிட்டுச் "சாத்தியம்" பற்றிப் பேசுவது ஆய்வல்ல, கட்சி எடுப்பது. அப்படியென்றால் நாங்களும் கட்சி எடுக்கிறோம், வெளிப்படையாகவே.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு நெல்லு மில்லில என்ன அலுவல் எண்டு கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களில் பாதிப்பேர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு, அம்பாறை வயல்காரரின் பிள்ளைகள். எங்கள் விடுதிக் காசு நெல்லு வித்த காசு. பட்டம் முடித்தபிறகு "அரச வேலை தா" என்று கச்சேரி வாசலில் குந்துகிற கூட்டம் என்று எங்களைத்தான் பத்திரிகைகள் நக்கலடிக்கின்றன. ஊரில் வேறு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. விளைகிற பொருள் மூடையாகவே வெளியேறுகிற ஊரில் வேலையும் அந்த மூடையோடு சேர்ந்துதான் வெளியேறும். ஆகவே இது எங்கள் விசயம்தான்.

நடந்ததைப் பார்ப்போம்

2021 செப்டெம்பர் கடைசியில் அரசாங்கம் அரிசிக்கான உச்சபட்ச சில்லறை விலையை நீக்கியது. அடுத்த கணமே புதிய விலையை அறிவித்தது அரசாங்கமல்ல, பெரிய ஆலைக்காரர். 2024 டிசம்பரில் ஆட்சி மாறியிருந்தது. கடைகளில் அரிசி இல்லை. புதிய ஜனாதிபதி ஆலைக்காரரை அழைத்துப் பேசினார். நாட்டரிசி மொத்த விலை கிலோ 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. இறக்குமதிக்கும் கதவு திறக்கப்பட்டது, கிலோவுக்கு 65 ரூபா வரியோடு. 2025 பெப்ரவரி முதல் வாரத்தில் நெல்லுக்கு உத்தரவாத விலை வந்தது: நாடு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா. அப்போது அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் வெட்டு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

இதில் ஒரு கட்சியைக் குறைசொல்வது எங்கள் நோக்கமல்ல. முற்றிலும் வேறான இரண்டு ஆட்சிகள் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கின்றன என்பதைத்தான் காட்டுகிறோம். இந்த நாட்டில் அரிசி விலை அரசாங்கத்தைக் கவிழ்க்கும். 1953 இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியபோது ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அந்தப் பயம் எல்லா ஆட்சிக்கும் இருக்கிறது. அதனால் எல்லா ஆட்சியும் ஒரு முனையில் நெல்லுக்கு விலை சொல்லும், மறு முனையில் அரிசிக்கு விலை சொல்லும். நடுவில் இருப்பதைத் தொடாது. நடுவில் இருப்பது காயப்போடும் களம், களஞ்சியம், ஆலை, வாங்குவதற்கான காசு. விலை அங்கேதான் தீர்மானமாகிறது. வர்த்தமானி பிறகுதான் வருகிறது.

ஒரு நூறு கிலோவின் பயணம்

பெரிய புள்ளிவிவரம் வேண்டாம். நூறு கிலோ நெல்லை மட்டும் பின்தொடர்வோம். சில எண்கள் நாங்கள் உதாரணத்துக்கு எடுத்தவை, அவற்றை அப்படியே சொல்கிறோம். உங்கள் ஊர் எண்ணைப் போட்டு நீங்களே திருப்பிக் கணக்குப் பார்க்கலாம்.

வெட்டு மெசினிலிருந்து இறங்குகிற நெல்லில் ஈரப்பதன் 20 வீதம் என்று வைப்போம். நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு எடுப்பதற்கு 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதன் கேட்கும். காயவைத்தால் நூறு கிலோ 93 கிலோவாகும். 93 கிலோவை 120 ரூபாப்படி விற்றால் 11,160 ரூபா.

ஆனால் காயவைக்க எங்கே இடம்? றோட்டுத்தான். வன்னியில் வெட்டுக் காலத்தில் தார் வீதியின் ஒரு கரை முழுக்க நெல் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது அழகான படம் அல்ல. களம் இல்லை என்பதன் படம். ஒரு மழை பெய்தால் முடிந்தது. மெசின்காரருக்கு உடனே காசு கொடுக்கவேணும், உரக்கடைக் கடன் இருக்கு, அடகு வைத்த நகைக்கு வட்டி ஓடுது. அந்த நேரத்தில் வயல் வரம்புக்கே லொறியோடு வருகிறவர் ஈர நெல்லுக்கு 95 ரூபா சொல்கிறார் என்று வைப்போம். நூறு கிலோவுக்குச் சாக்கு, ஈரம், தூசி என்று மூன்று கிலோ கழிவு. 97 கிலோவுக்கு 9,215 ரூபா.

வித்தியாசம் 1,945 ரூபா. ஏக்கருக்கு 1,500 கிலோ விளைந்தால் ஏறக்குறைய 29,000 ரூபா. காயவைக்கிற செலவைக் கழித்தாலும் மிஞ்சுகிறது கொஞ்சமல்ல. விவசாயி இதைச் சந்தையில் இழக்கவில்லை. ஒரு சீமெந்துக் களமும் ஒரு உலர்த்தியும் கூரை போட்ட ஒரு கட்டடமும் பக்கத்தில் இல்லாததால் இழக்கிறார்.

இப்போது ஆலைக்குள் போவோம். காய்ந்த 93 கிலோ நெல்லில் 65 வீதம் அரிசி என்றால் 60 கிலோவுக்குச் சற்று மேல். 225 ரூபா மொத்த விலைக்கு அது ஏறக்குறைய 13,600 ரூபா. வரம்பில் 9,215 ரூபாவுக்கு வாங்கியவருக்கு இடைவெளி 4,385 ரூபா. உத்தரவாத விலைக்கு வாங்குகிற ஊர்க் கூட்டுறவு ஆலைக்கு இடைவெளி 2,440 ரூபாதான்.

அடுத்தது வட்டி. அறுவடை இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும், அரிசி வருடம் முழுக்க வேணும். 11,160 ரூபாவை 15 வீத வட்டிக்கு ஆறு மாதம் முடக்கினால் 837 ரூபா போகும். மிச்சம் 1,600. கிலோ அரிசிக்கு 26 ரூபா. இதற்குள் மின்சாரம், கூலி, பொதி, தேய்மானம் எல்லாம் அடங்கவேணும். இறுக்கம்தான், ஆனால் நடத்தலாம், தவிடும் குறுணலும் கைகொடுத்தால். வட்டி 25 வீதமானால் கதை வேறு: 1,395 ரூபா வட்டி, கிலோவுக்கு மிஞ்சுவது 17 ரூபா. 2022 கடைசியில் கடன் வட்டி 25 வீதத்தைத் தாண்டிப் போனது. அதே 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்து ஏறியது. சிறு ஆலைகள் ஏன் மூடுண்டன என்று ஆராய்வதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை.

ஆக, இந்தத் தொழிலில் உண்மையான இயந்திரம் உமி நீக்குகிற இயந்திரம் அல்ல. காசுதான் இயந்திரம். 500 தொன் நெல்லை 120 ரூபாவுக்கு வாங்கக் கையில் 6 கோடி ரூபா வேணும், அதுவும் மாசி பங்குனிக்குள். அந்தக் காசு வைத்திருப்பவர் விலை சொல்வார். இல்லாதவர் விலை கேட்பார். "கொள்ளளவு அதிகம், புது ஆலை தேவையில்லை" என்று சொல்கிற பொருளியலாளர்கள் இரும்பை எண்ணுகிறார்கள். எண்ணவேண்டியது அறுவடை மாதத்தில் எவரிடம் காசும் கூரையும் இருக்கிறது என்பதை.

தவிட்டையும் உமியையும் விட்டுவிட்டோம்

நூறு கிலோ காய்ந்த நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. தவிடு, ஆலையைப் பொறுத்து, ஆறு ஏழு கிலோவிலிருந்து பத்துக் கிலோ வரை. இவற்றையும் சேர்த்து லொறியில் ஏற்றி இருநூறு கிலோமீற்றர் அளவில் கொண்டுபோகிறோம். திரும்பி வரும்போது அரிசி மட்டும் பைக்கற்றில் வருகிறது. போகிற கூலியும் வருகிற கூலியும் எங்கள் தலையில். அங்கே நிற்கிற உமி அவர்களின் கொதிகலனுக்கு விறகு. தவிடு தீவனமாகிறது. பிறகு அதே தவிட்டை வன்னியில் மாடு வளர்க்கிறவர் காசு கொடுத்து வாங்குகிறார். தன் வயல் தவிட்டைத் தன் மாட்டுக்குப் போட இரண்டு தரம் லொறிக்கூலி கட்டுகிற ஊர் உலகத்தில் எங்கேயாவது இருக்குமோ தெரியாது, எங்கட ஊர் இருக்கு.

போகிறதோடு இன்னொன்றும் போகிறது: எங்கள் அரிசி. யாழ்ப்பாணத்துச் சனம் காலங்காலமாகச் சாப்பிட்டது சிவப்புப் புழுங்கல். மொட்டைக்கறுப்பன் என்றால் வாயூறும். பெரிய ஆலைகளின் உலகம் நாடு, சம்பா, கீரிச்சம்பா. அவர்கள் எதைக் குத்துகிறார்களோ அதைத்தான் கடை வைத்திருக்கும், கடை எதை வைத்திருக்கிறதோ அதைத்தான் சனம் தின்னும், சனம் எதைத் தின்னுகிறதோ அதைத்தான் விவசாயி விதைப்பார். 2024 கடைசியில் சிவப்பரிசி கடைகளில் காணாமல் போனபோது எல்லோரும் அதிசயப்பட்டார்கள். அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆலை எங்கேயோ, அங்கேதான் ருசியும் தீர்மானமாகும்.

கிழக்கில் ஒரு பெரிய ஆலை இருக்கிறது

தானியம் பதப்படுத்துவது எங்கள் பக்கம் சாத்தியமில்லை என்பவர்களுக்குத் திருகோணமலையைக் காட்டுகிறோம். சீனன்குடாவில் பிறிமா மா ஆலை நிற்கிறது. ஒரே இடத்தில் அமைந்த கோதுமை ஆலைகளில் உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. ஒப்பந்தம் 1977 இல், உற்பத்தி 1980 இல். இலங்கையில் கோதுமை விளைவதில்லை என்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மணி கோதுமைகூட விளையாத நாட்டில், கோதுமை அரைப்பது எப்படிச் சாத்தியமானது?

அரசாங்கம் சாத்தியமாக்கியது. அவ்வளவுதான். தொடக்க ஏற்பாட்டின்படி அரசாங்கம் கோதுமையைக் கொண்டுவந்து கொடுக்கும், ஆலை அரைத்து மாவை அரசாங்கத்திடம் கொடுக்கும், தவிட்டை அரைகூலியாக எடுத்துக்கொள்ளும். மூலப்பொருளுக்கு முதலாளி தலையிடி படத் தேவையில்லை, விற்பனைக்கும் தலையிடி இல்லை. இரண்டு பக்கமும் அரசின் உத்தரவாதம். தவிட்டின் பெறுமதி தெரிந்தவர்கள் தவிட்டை வைத்தே ஆலை ஓட்டினார்கள்.

அந்த ஆலையைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பிரதேசத்தில் ஆலை "சாத்தியமா" என்பது வானிலை மாதிரித் தானாக வருவதல்ல, அது ஒரு தீர்மானம். சிங்கப்பூர்க் கம்பனிக்கு அமெரிக்கக் கோதுமையை அரைக்க அப்படியொரு தீர்மானம் எடுக்க முடிந்த அரசுக்கு, உன்னிச்சைக்குளத்து நெல்லைக் குத்த மட்டக்களப்புக் கூட்டுறவுக்கு அதில் பத்திலொரு பங்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றால், தடையாக இருப்பது பொருளாதாரம் அல்ல.

இருந்ததை இழந்தோம்

நாங்கள் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. 1950களின் கடைசியில் பிலிப் குணவர்தன அமைச்சராக இருந்த காலத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, 1958 இல் நெற்காணிச் சட்டம் வந்தது. 1961 இல் மக்கள் வங்கி வந்தது, கூட்டுறவுகளுக்குக் கடன் கொடுப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக வைத்து. 1971 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது. அதாவது களஞ்சியம், ஆலை, காசு மூன்றும் பொதுவில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. வடக்கிலும் சங்கத்து மில் என்று ஊர்ச்சனம் சொன்ன ஆலைகள் இருந்தன, வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு 1977 வந்தது, திறந்த பொருளாதாரம் வந்தது. தொண்ணூறுகளில் நெல் சந்தைப்படுத்தும் சபை ஒடுங்கிப்போனது. இரண்டாயிரங்களின் கடைசியில் அதற்குத் திரும்ப உயிர் கொடுத்தார்கள், ஆனால் விளைச்சலில் சிறு பங்கைத்தான் அது வாங்குகிறது. 2015 இல் வாங்கிய நெல்லை வைக்க இடமில்லாமல் மத்தள விமான நிலையத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். பிளேன் இல்லாத விமான நிலையமும் களஞ்சியம் இல்லாத விவசாய நாடும் ஒன்றுக்கொன்று உதவிசெய்த கதை அது.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேலே யுத்தம். தெற்கில் தனியார் ஆலைகள் பெருத்து, வங்கிக் கடன் எடுத்து, ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்த காலம் முழுக்க வன்னியில் பொருளாதாரத் தடை. மில் கட்டுவது இருக்கட்டும், மில்லுக்கு டீசல் இல்லை. 2009 இல் சனம் திரும்பியபோது கூரையும் இல்லை. அதன் பிறகு வந்த "வாழ்வாதாரத் திட்டங்கள்" பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு மா அரைக்கிற சின்ன மெசின் கொடுத்தன, பெயர்ப்பலகை கொடுத்தன, படம் எடுத்தன. நெல் வாங்கச் சுழற்சிக் காசு கொடுக்கவில்லை. மெசின் துருப்பிடித்தது. அந்தக் காசை நுண்கடன் கம்பனிகளிடம் தேடிப் போன பெண்கள் பட்ட பாட்டை இங்கே விவரிக்கத் தேவையில்லை. முப்பது வருடம் பின்னால் நிறுத்திவைக்கப்பட்ட ஒருவரை இப்போது ஓடவிட்டு, "பார், இவனால் போட்டியிட முடியவில்லை" என்று சொல்வதற்குப் பெயர் சந்தையா?

எதிர்வாதங்கள்

பெரிய ஆலைக்குச் செலவு குறைவு என்பார்கள். ஓரளவு உண்மை. நிறம் பிரிக்கிற இயந்திரம், நல்ல கொதிகலன், குறைந்த உடைவு எல்லாம் பெரிய அளவில் சுலபம். ஆகவே ஊருக்கு ஒரு மில் என்று நாங்கள் கேட்கவில்லை. கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே ஒன்று, இரணைமடுவுக்குக் கீழே ஒன்று, முத்தையன்கட்டுப் பக்கம் ஒன்று, படுவான்கரையில் ஒன்று, அம்பாறைக் கரையோரத்தில் மூடிக்கிடக்கிறவற்றில் சிலதைத் திறப்பது என்ற அளவு. உலர்த்தியும் களஞ்சியமும் பரவலாக, ஆலை சில இடத்தில். நெல்லு காயவேண்டியது வயலுக்குப் பக்கத்தில், குத்துவது கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை.

வருடத்தில் நாலு மாதம்தான் நெல் இருக்கும், மிச்சக் காலம் ஆலை சும்மா கிடக்கும் என்பார்கள். பொலன்னறுவையிலும் நெல் இரண்டு போகம்தான் வெட்டுகிறார்கள். அங்கே ஆலை வருடம் முழுக்க ஓடுவது களஞ்சியமும் கடனும் இருப்பதால்.

கூட்டுறவு என்றால் களவு என்பார்கள். இதை நாங்கள் தட்டிக்கழிக்க மாட்டோம். கட்சிக்காரரின் மருமகனை முகாமையாளராக்கிய சங்கங்கள், வருடக்கணக்காகக் கணக்குக் காட்டாத சங்கங்கள், பொதுச்சபையைக் கூட்டாமலே நடந்த நிர்வாகங்கள் எல்லாம் இருந்தன, இருக்கின்றன. ஆனால் தனியார் ஆலைகளுக்கு அரச வங்கிகள் கொடுத்த கடன்களில் எவ்வளவு திரும்பி வரவில்லை என்று கேட்டால் அதைக் களவு என்று சொல்லமாட்டார்கள், "செயற்படாக் கடன்" என்பார்கள். ஏழை செய்தால் ஊழல், பணக்காரன் செய்தால் கணக்கியல் சொல். சங்கத்தில் களவு நடந்தால் உறுப்பினர் எழும்பிக் கேட்க ஒரு பொதுச்சபையாவது சட்டத்தில் இருக்கிறது. தனியார் மில் வாசலில் எங்களுக்கு என்ன இருக்கிறது, தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர?

இன்னொரு வாதம் எங்கள் பக்கத்திலிருந்தே வருகிறது, அதுதான் ஆபத்தானது. "சிங்கள முதலாளி தமிழனின் நெல்லைச் சுரண்டுகிறான்" என்று சொல்லிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். பொலன்னறுவையில் வயல் செய்கிற சிங்கள விவசாயியும் அதே ஆலை வாசலில் அதே தராசில் அதே கழிவோடுதான் விற்கிறார். அங்கேயும் அறுவடைக் காலத்தில் விலை கேட்டு விவசாயிகள் றோட்டுக்கு இறங்குகிறார்கள். எங்கள் ஊரில் லொறியோடு வந்து விலை சொல்கிற இடைத்தரகர் பெரும்பாலும் எங்கள் மொழிதான் பேசுகிறார். ஆலை தமிழ் முதலாளியிடம் வந்தால் போதும் என்பவர்களிடம் எங்களுக்கு ஒரு கேள்வி: தராசு மாறுமா?

அரசியல்வாதிகளுக்கும் புலம்பெயர்ந்தோருக்கும்

2013 இல் வடக்கு மாகாண சபைக்கு வாக்குப் போட்டோம், 2018 இல் காலம் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை. தேர்தல் வை என்று கேட்கிறோம், கேட்கத்தான் வேணும். ஆனால் 13 ஆம் திருத்தத்தின் கீழ் கூட்டுறவு மாகாணத்துக்குரிய விடயம். அந்த ஐந்து வருடத்தில் காணி, பொலிஸ் அதிகாரம் பற்றிப் பேசிய பேச்சில் பத்தில் ஒரு பங்கு நெல்லுக் களஞ்சியம் பற்றிப் பேசப்பட்டிருந்தால் இன்று ஏதாவது நின்றிருக்கும். சுயநிர்ணயம் என்பது தன் நெல்லின் விலையைத் தான் நிர்ணயிப்பதையும் சேர்த்துத்தான். சோற்றுக்குக் கையேந்துகிற சுயாட்சி பாதிச் சுயாட்சி.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் சொல்லவேணும். வெளியிலிருந்து வருகிற காசில் கோபுரம் உயர்கிறது, கல்யாண மண்டபம் குளிரூட்டப்படுகிறது. நல்லது. ஆனால் அந்த மண்டபத்தில் பரிமாறுகிற சோறு எங்கே குத்தினது என்று ஒருநாள் விசாரித்துப் பாருங்கள். நன்கொடை கேட்கவில்லை. ஒரு சங்கத்தின் சுழற்சி நிதியில் குறைந்த வட்டிக்குக் காசைப் போட்டு, அறுவடை முடிந்து அரிசி விற்றபின் திருப்பி எடுத்தால் போதும். கணக்கில் 15 வீதத்தை 8 வீதமாக்கினால் எங்கள் நூறு கிலோவில் வட்டி 837 ரூபாவிலிருந்து 446 ரூபாவாகிறது. அந்த 390 ரூபா ஒரு ஆலை ஓடுவதற்கும் மூடுவதற்கும் இடையிலான தூரமாக இருக்கலாம்.

நாங்கள் கேட்பது

ஒன்று, ஆலைக்கு முன்னம் களமும் உலர்த்தியும் களஞ்சியமும். ஒவ்வொரு கமநல சேவை நிலையப் பிரிவிலும், விவசாயி டிராக்டரில் கொண்டுபோகக்கூடிய தூரத்தில். ரிப்பன் வெட்டுகிற பெரிய ஆலை முதலில் வந்தால் அது இன்னொரு துருப்பிடிக்கிற கட்டடமாகும்.

இரண்டு, களஞ்சியத்தில் வைத்த நெல்லுக்குப் பற்றுச்சீட்டு, அந்தச் சீட்டுக்கு அரச வங்கியில் கடன். இந்த முறை நாட்டில் ஏற்கெனவே தொடங்கப்பட்டது, புதுச் சட்டம் தேடி அலையத் தேவையில்லை. நகைக்குக் கொடுக்கிற மரியாதையை நெல்லுக்கும் கொடுங்கள்.

மூன்று, கூட்டுறவு ஆலைகளுக்கு அறுவடைக் காலச் சுழற்சிக் கடன், தைமாதமே கையில். சித்திரையில் வருகிற கடன் கடனல்ல, அனுதாபம்.

நான்கு, பொதுக் கொள்வனவு. பாடசாலைச் சத்துணவு, வைத்தியசாலைகள், சிறைச்சாலைகள், பல்கலைக்கழக விடுதிகள் அந்தந்த மாவட்டக் கூட்டுறவு ஆலையிலிருந்து அரிசி வாங்கவேண்டும். கோதுமைக்குக் கொடுத்த உத்தரவாதத்தின் சின்னப் பதிப்பு இது. எங்கள் விடுதிச் சாப்பாட்டறையிலிருந்தே தொடங்கலாம், அதற்கு நாங்கள் மாணவர் ஒன்றியம் வழியாகக் கேட்கத் தயார்.

ஐந்து, கணக்கு. வாங்கிய விலை, குத்திய அளவு, தவிடு விற்ற காசு, சம்பளம் எல்லாம் சங்க வாசலில் மாதாமாதம் ஒட்டப்படவேணும். கட்சிப் பதவியில் இருப்பவர் நிர்வாகத்தில் இருக்கக்கூடாது. கணக்குப் பார்க்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பொருளியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற எங்களை ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

இவை ஒன்றும் புரட்சி அல்ல. ஒரு சாதாரண நாட்டில் சாதாரணமாக இருக்கவேண்டியவை. ஆனால் இவ்வளவும் நடந்தால் ஈர நெல்லை வரம்பில் வைத்து விலை சொல்கிற அதிகாரம் உடையும், அதனால்தான் இது "சாத்தியமில்லை".

காலபோகம் விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில் ஏறக்குறைய நாலு மாதம் இருக்கும். ஒரு களத்துக்குச் சீமெந்து போட நாலு மாதம் போதும். கமக்கார அமைப்புக் கூட்டத்தில் "எங்கட பிரிவில களஞ்சியம் எங்க?" எண்டு ஒருவர் எழும்பிக் கேட்க நாலு நிமிடம் போதும். அடுத்த கூட்டம் எப்ப எண்டு உங்கள் ஊரில் விசாரியுங்கள். அப்பா அம்மா போகிற கூட்டம்தான், நாங்களும் போவோம்.